பளிங்கின் அயலறிந்த பேரறிஞர் கிருஷ்ணன்

கல்லூரியொன்று யூபிலி கொண்டாடும் வேளையிலே, கல்வியால் உயர்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை நினைவுகூர்தல் நல்லதோர் மரபாகும். அம்மரபையொட்டி, தமிழ்நாட்டுச் சிற்றூரொன்றிற் பிறந்து, உலகப் பௌதிக அறிஞர் வரிசையில் இடம்பெற்ற சேர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் அவர்களின் வாழ்வை இம்மலர் வாசிக்கும் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம். கிருஷ்ணன் என்றால் இராமனின் உதவியாளர் என்பதே நம்மிற் பலர் அறிந்தது. ஒளியாராய்ச்சியில் அவர் பெயர் இரண்டாம் பெயராகவே நின்றுவிட்டது. ஆயினும் அவர் தம் பெயரால் தாமே நடத்திய பெருமுயற்சி வேறொன்றுண்டு. ஓர் உலோக அணுவின் இயல்பை, அதனைச் சூழ்ந்து நிற்கும் அணுக்கள் எங்ஙனம் மாற்றுகின்றன என்பதைக் காந்தத்தின் துணைகொண்டு அளந்து காட்டியதே அம்முயற்சி. அதன் பெருமை இன்னும் நம் மாணவரிடையே போதிய அளவு பரவவில்லை.

அம்முயற்சியின் பொருளை விளங்கிக்கொள்ள நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கி வடக்கே செல்லும் பெருவீதியில் நாவுல என்னும் ஊர் உளது. அங்கிருந்து பிரிந்து செல்லும் வீதி எலஹெர என்னும் மணிக்கல் நிலத்தை அடையும். அந்நிலத்திலே குழி தோண்டி, இல்லம் எனப்படும் கூழாங்கற் படையை அள்ளிக் கூடையில் இட்டு, நீரில் அரித்தெடுப்பார் கையில் நீலக்கல்லும், பலநிறக் குருந்தக் கற்களும், சிபினெல்லும், கார்னெற்றும் அகப்படும். குருந்தம் என்பது நம் மொழிச் சொல்லே. ஆங்கிலேயர் இக்கல்லுக்கு வழங்கும் பெயரும் அதனின்று பிறந்ததே.

தூய குருந்தத்தில் அலுமினியமும் ஒட்சிசனும் அன்றி வேறொன்றுமில்லை. அதற்கு நிறமும் இல்லை. அலுமினியம் நிற்கவேண்டிய இடங்களிற் சிலவற்றிலே குரோமியம் வந்து அமர்ந்தால் அதே கல் செம்மாணிக்கமாகின்றது. ஆனால் அதே குரோமியம், ஒட்சிசனோடு மாத்திரம் கூடிக் குரோமியம் ஒட்சைட்டாய் நிற்கும்போது பச்சைப் பொடியாகக் காண்கின்றது. மரகதத்தின் பசுமைக்கும் குரோமியமே காரணம். மூன்றிலும் குரோமியம் ஒன்றே. அதனைச் சூழ்ந்த ஒட்சிசன் அணுக்களும் மூன்றிலும் ஆறே. அவ்வாறிருக்க, ஓரிடத்திற் செம்மையும் மற்றோரிடத்திற் பசுமையும் தோன்றுவது எதனால்? மாணிக்கத்தினுள்ளே, சிறிய அலுமினியத்துக்கென அமைந்த இடத்திற் குரோமியம் நெருக்கி அமர்கின்றது. ஒட்சிசன்கள் அதனை இறுக்குகின்றன. பச்சை ஒட்சைட்டிலே அந்நெருக்கம் சற்றுத் தளர்கின்றது. அணுவின் குணம் அணுவில் மட்டும் இல்லை. அதன் அயலிலும் இருக்கின்றது. அயலார் எத்தனை பேர், எவ்வளவு அணுகி நிற்கின்றனர், எவ்வொழுங்கில் நிற்கின்றனர் என்பவற்றைப் பொறுத்தே நிறமும், காந்தமும், மின்கடத்தும் திறனும் அமைகின்றன. இவ்வுண்மையைக் கற்பனையாக விடாது, எண்ணாக மாற்றியவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் கிருஷ்ணன்.

அவர் 1898ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 4ஆம் நாள், திருவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரிலே, உழவையும் கல்வியையும் ஒருங்கே பேணிய குடும்பத்திற் பிறந்தார். அவ்வூர் இந்துப் பாடசாலையிலேயே அவரது கல்வி தொடங்கியது. பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பட்டம் பெற்றபின் கிறித்தவக் கல்லூரியில் இரசாயனத் துறையில் செய்முறை காட்டும் பணியில் அமர்ந்தார். அக்காலத்தில் நண்பகல் உணவு வேளையிலே மாணவர் கூடி, பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகிய எத்துறையிலும் விரும்பிய வினாவைக் கேட்கலாம் என ஒரு வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். பிற கல்லூரி மாணவரும் அக்கூட்டத்தை நாடி வந்தனர். பாடத்திட்டத்துக்கு அப்பாலும் கேள்வி உண்டு என்பதை இளைஞருக்கு உணர்த்திய அந்த உணவு வேளை, எத்தனையோ வகுப்பறைகளினும் சிறந்ததென்றே நாம் கருதுகின்றோம்.

1920ஆம் ஆண்டில் அவர் கல்கத்தா சென்றார். அங்கே இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்திற் சந்திரசேகர வேங்கட இராமன் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். 1923ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணன் அவரது ஆய்வுத் துணைவரானார். திரவங்களில் ஒளி சிதறுவதை அவ்விருவரும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். 1928ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, சிதறிய ஒளியின் ஒரு பகுதி நிறம் மாறி வெளிவருவதைப் பல திரவங்களிற் சோதித்து உறுதிசெய்யும் கடும்பணி கிருஷ்ணனின் கண்களையும் கைகளையும் நம்பியே நடந்தது. நேச்சர் என்னும் ஏட்டிற்கு அனுப்பப்பட்ட முதற் குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. உலகம் அக்கண்டுபிடிப்பை இராமன் விளைவு என அழைத்தது. 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டுமே சென்றது. பரிசில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு இன்றும் அறிஞரிடையே எழுவதுண்டு. கிருஷ்ணனோ அவ்வழக்கைத் தம் வாழ்நாளிற் பெரிதாக எடுத்துக்கொண்டாரல்லர். பரிசு அறிவிக்கப்பட்டபொழுது அவர் வேறோர் ஊரில், வேறொரு வினாவுடன் இருந்தார்.

1928ஆம் ஆண்டின் இறுதியில் அவர் டாக்காப் பல்கலைக்கழகத்திற் பௌதிக ரீடராகச் சென்றிருந்தார். இன்று வங்காளதேசத்தின் தலைநகராய் விளங்கும் அந்நகரிலே, பெருஞ்செலவுள்ள கருவிகள் இல்லாத ஆய்வுகூடத்தில், சாந்திலால் பானர்ஜி என்பவரைத் துணையாகக் கொண்டு, பளிங்குகளின் காந்த இயல்பை அளக்கத் தொடங்கினார்.

பளிங்கொன்று எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகக் காந்தமாவதில்லை. ஒரு திசையிற் கூடியும் மற்றொரு திசையிற் குறைந்தும் காந்தமாகும். இத்திசை வேற்றுமை மிகச் சிறியது. அதை அளக்க அவர்கள் வகுத்த வழி, எளிமையால் நம்மை வியக்க வைக்கின்றது. சிறு பளிங்கொன்றை மெல்லிய குவாட்சு இழையிற் கட்டிக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிடுவர். பளிங்கு தனக்கு உகந்த திசையைக் காந்தப் புலத்தோடு பொருத்தி நிற்கும். இழையின் மேல் நுனியைப் பாகை குறித்த வட்டத் தலையொன்றிற் பூட்டி மெல்லத் திருப்புவர். இழை முறுகும், பளிங்கோ புலத்தைப் பற்றிக்கொண்டு சிறிதே அசையும். பளிங்கு 45 பாகை விலகும் எல்லை வந்ததும் அதன் பிடி தளரும், திடீரெனச் சுழன்றுவிடும். அக்கணம் வரை இழை எவ்வளவு முறுகியது என்பதை அறிந்தால், திசை வேற்றுமையின் அளவு கணக்கில் வந்துவிடும். ஓர் இழை, ஒரு காந்தம், பாகை குறித்த ஒரு வட்டம்: இவையே கருவி. இம்முறையாற் பெற்ற முடிவுகள் இலண்டன் அரச கழகத்தின் ஆய்வேட்டில் 1933ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன.

அளவு கிடைத்தது, அதன் பொருள் யாது? அவ்வேளையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புதிய கொள்கையொன்று வளர்ந்துகொண்டிருந்தது. ஹான்ஸ் பெத்தே என்பவர் 1929ஆம் ஆண்டில் அதற்கு அடித்தளம் இட்டார். ஜோன் வான் விளெக் அதனைக் காந்தவியலுக்குப் பொருத்தினார். குரோமியம், மங்கனீசு, இரும்பு, கோபாற்று, நிக்கல், செம்பு முதலிய தாண்டல் உலோகங்களின் அணுவிலே, வெளிப்புறத்தை அண்டி ஐந்து வகை இலத்திரன் இருக்கைகள் உண்டு. அணு தனித்து நின்றால் ஐந்தும் சமம். ஆறு ஒட்சிசன் அணுக்கள் மேலும் கீழும் நாற்புறமுமாக அதனைச் சூழ்ந்தால் அச்சமம் குலைகின்றது. ஒட்சிசனை நேரே நோக்கி நீளும் இரண்டு இருக்கைகள் எதிர்ப்புக்குள்ளாகிச் சக்தியில் உயரும்; ஒட்சிசன்களுக்கு இடையே ஒதுங்கி நீளும் மூன்று இருக்கைகள் தாழும். ஆறுக்குப் பதிலாக நான்கு ஒட்சிசன்கள் நான்முகியின் மூலைகளிலே நின்றால் வரிசை தலைகீழாகும்: இரண்டு தாழும், மூன்று உயரும். ஒரே வகை அயலார் ஒரே தொலைவில் நிற்பின், இப்பிளவின் அளவும் முன்னையதில் ஒன்பதில் நான்கு பங்காகச் சுருங்கும்.

இக்கொள்கையின்படி, ஆறு அயலார் நடுவே நிற்கும் நிக்கலின் எட்டு இலத்திரன்களும் குழப்பமின்றி அமர்ந்துவிடுகின்றன. தாழ்ந்த மூன்று இருக்கைகள் நிறைந்து விடும். உயர்ந்த இரண்டில் ஒவ்வொன்று இருக்கும். ஆகவே நிக்கல் உப்பு எத்திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகக் காந்தமாகவேண்டும். கோபாற்றுக்கு இலத்திரன் ஏழு. தாழ்ந்த மூன்று இருக்கைகளில் ஓர் இடம் வெறுமையாக நிற்கும். அவ்வெறுமை மூன்றில் எதனிலும் தங்கலாம். ஆதலாற் கோபாற்று உப்பிலே திசை வேற்றுமை பெரிதாக இருக்கவேண்டும். கிருஷ்ணன் குழுவினர் அளந்த அளவுகள் இதனையே காட்டின. நிக்கலின் வேற்றுமை நூற்றுக்கு ஓரிரண்டு அளவிலும், கோபாற்றின் வேற்றுமை நூற்றுக்கு முப்பது அளவிலும் இருந்தன. ஆவர்த்தன அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் இரு உலோகங்களுக்கிடையே இத்துணை வேறுபாடு!

கொள்கைக்கு மற்றொரு சோதனையும் இருந்தது. கோபாற்றையே நான்கு அயலார் நடுவில் நிறுத்தினால், தாழ்ந்த இரண்டு இருக்கைகள் நிறைந்து, உயர்ந்த மூன்றில் ஒவ்வோர் இலத்திரன் அமரும். வெறுமைக்கு இடமாறும் உரிமை இல்லை. அப்பொழுது கோபாற்றும் நிக்கலைப் போல அடங்கியிருக்கவேண்டும். 1930களின் பிற்பகுதியில் கிருஷ்ணனும் அவர் மாணவர் முகர்ஜியும், நான்கு குளோரின் அணுக்கள் கோபாற்றைச் சூழ்ந்த நீலநிற உப்பொன்றை அளந்தனர். திசை வேற்றுமை சிறிதாகவே இருந்தது. உலோகம் மாறவில்லை; அயல் மாறியது; குணம் மாறிற்று.

எமது மாணவர் இதனைக் கண்ணாலும் காணலாம். ஆய்வுகூடத்துக் கோபாற்று உப்பின் கரைசல் இளஞ்சிவப்பு. அங்கே கோபாற்றை ஆறு நீர் மூலக்கூறுகள் தம் ஒட்சிசனை உள்நோக்கி நிறுத்திச் சூழ்கின்றன. சுவாலைச் சோதனைக்குப் பயன்படும் கோபாற்றுக் கண்ணாடி கடுநீலம். அங்கே கோபாற்றைச் சூழ்வன நான்கு ஒட்சிசன்கள். ஒரே அலுமாரியில் இருக்கும் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கியோர் சிலரே.

மயிற்றுத்தம் என நாம் அழைக்கும் செப்புச் சல்பேற்றையும் கிருஷ்ணன் விட்டாரல்லர். அதன் அமைப்பை பீவர்ஸ், லிப்சன் என்போர் ஊடுகதிரால் 1934ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியிருந்தனர். செம்பணு ஒவ்வொன்றையும் நான்கு ஒட்சிசன்கள் சதுரமாக நெருங்கிச் சூழ்ந்திருக்க, இரண்டு ஒட்சிசன்கள் மேலும் கீழும் சற்று விலகி நின்றன. கிருஷ்ணனும் முகர்ஜியும் 1936ஆம் ஆண்டிலும் 1938ஆம் ஆண்டிலும் வெளியிட்ட காந்த அளவுகள் இவ்வமைப்போடு இசைந்தன. ஊடுகதிர் அணுக்களின் இருப்பிடத்தைக் காட்டியது. காந்தமோ அவ்விருப்பிடத்தை இலத்திரன்கள் உணரும் விதத்தைக் காட்டியது. செம்பையும் அதனைச் சூழ்ந்த ஒட்சிசன் சதுரத்தையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

இவ்வாராய்ச்சிகளின் நடுவே, 1933ஆம் ஆண்டில், அவர் கல்கத்தாக் கழகத்துக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பியிருந்தார். 1940ஆம் ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகம் சென்று உலோகங்களின் இயல்பை ஆராய்ந்தார். 1946இல் சேர் பட்டம் பெற்றார். புதுதில்லியில் அமைந்த தேசிய பௌதிக ஆய்வுகூடத்துக்கு 1947இல் முதல் இயக்குநரானார். புதிய நாடொன்றின் அளவைகளுக்கும் நியமங்களுக்கும் பொறுப்பாக அமைந்த அந்நிலையத்தை, ஓரிழையின் முறுக்கத்தை அளந்து பழகிய கைகளிடம் ஒப்படைத்தது பொருத்தமே. நிருவாகச் சுமையின் நடுவேயும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. சூடேறிய பொருள்கள் இலத்திரனை வெளிவிடும் இயல்பை அங்கே ஆராய்ந்தார். 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் பட்நாகர் பரிசும் அவரை அடைந்தன. அப்பரிசை முதன்முதற் பெற்றவர் அவரே. வடமொழியிலும் தமிழிலும் ஆழ்ந்த புலமை உடையவராய், விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதவியலும் என்பதைத் தாமே எழுதியும் காட்டினார். 1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள் மாரடைப்பால் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபின்னர் அவ்வினா மேலும் வளர்ந்தது. தாண்டல் உலோக ஒட்சைட்டுகளின் மின்னியல்பு இன்று பௌதிகத்தின் பெருந்துறைகளுள் ஒன்று. நிக்கல் ஒட்சைட்டு, பழைய கணக்கின்படி மின்கடத்தியாக இருந்திருக்கவேண்டும். ஆயின் அது கடத்துவதில்லை என்பதை டி போவர், வெர்வே என்னும் இருவர் 1937ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினர். இலத்திரன்கள் ஒன்றையொன்று வெறுத்துத் தத்தம் அணுவிலேயே ஒடுங்கி நிற்பதே இதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. காந்தக்கல்லாகிய இரும்பு ஒட்சைட்டிலோ, சிபினெல்லைப் போலவே, சில உலோக அணுக்களை நான்கு ஒட்சிசன்களும் வேறு சிலவற்றை ஆறு ஒட்சிசன்களும் சூழ்கின்றன. இவ்விருவகை இடங்களின் காந்தங்கள் எதிரெதிராய் நிற்க, மிஞ்சியதே கல்லின் ஈர்ப்பு என்பதை 1948இல் லூயி நேயல் விளக்கினார். அறுவர் சூழ்ந்த இடங்களுக்கிடையே இலத்திரன் தாவுவதால் அக்கல் மின்னையும் கடத்துகின்றது.

1986ஆம் ஆண்டில் சூரிச் நகரருகே பெட்நோர்ஸ், மியூலர் என்போர் செம்பு ஒட்சைட்டு ஒன்றிலே, அதுவரை அறியப்படாத உயர்ந்த வெப்பநிலையில் மீகடத்தும் தன்மையைக் கண்டனர். மறு ஆண்டிலேயே திரவ நைதரசனின் குளிரிலே தடையின்றி மின் கடத்தும் செம்பு ஒட்சைட்டு கிடைத்தது. அவற்றின் உயிர்நிலை, ஒட்சிசன் சதுரங்களின் நடுவே செம்பு அமர்ந்த தட்டுகள். மயிற்றுத்தத்தில் நாம் கண்ட அதே சதுரம். நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியின் மின்கலத்திலும் 1980இல் ஜோன் குடினஃப் குழுவினர் வெளியிட்ட இலிதியம் கோபாற்று ஒட்சைட்டு இன்றும் பெரிதும் வழங்குகின்றது. ஆறு ஒட்சிசன் சூழ்ந்த கோபாற்றுத் தட்டுகளிடையே இலிதியம் சென்று வர, கோபாற்று இலத்திரனைக் கொடுத்தும் வாங்கியும் நிற்கின்றது. வான் விளெக் 1977இலும், குடினஃப் 2019இலும் நோபெல் பரிசு பெற்றனர். இவையெல்லாம் கிருஷ்ணன் கண்டவை என்று நாம் சொல்லோம். அது அவருக்குப் பெருமையாகாது. ஆனால் அணுவின் அயலைக் காந்தத்தால் வினவலாம் என்றும், விடை எண்ணாய் வரும் என்றும், இவ்வழி தொடங்கிய காலத்திலேயே காட்டியவர் அவர் என்பதை மறத்தல் தகாது.

இவ்வாழ்வினின்று நாம் கொள்ளவேண்டியது யாது? பரிசு ஒருவர் பெயருக்குச் சென்றபொழுது அவர் வருந்தி ஓய்ந்திருப்பின், டாக்காவின் அந்த இழை தொங்கியிராது. கருவி போதாது எனக் காத்திருந்திருப்பினும் தொங்கியிராது. தமக்கென வினாவொன்றைத் தேர்ந்து, கிடைத்த பொருளைக்கொண்டு, அளவு பிழையாமல் உழைத்ததே அவர் பெருமை. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பல நாடுகளிலும் பல துறைகளிலும் சிறந்து விளங்குகின்றனர். அவர்கள் தாம் பயின்ற ஆய்வுகூடத்தின் அலுமாரிகளை நினைவுகூர்ந்து, அவற்றில் குறைவனவற்றை நிறைவுசெய்வாராக. ஆசிரியர்கள், கிருஷ்ணன் செய்ததுபோல, எவ்வினாவையும் கேட்கலாம் என ஒரு வேளையை மாணவருக்கு ஒதுக்குவாராக. மாணவர்களோ கேட்கும் துணிவைப் பெறுவாராக. அவ்வாறு நிகழின், அடுத்த யூபிலி மலரிலே இத்தகைய வரலாறொன்றை எழுத வேற்றூர் நோக்கவேண்டிய தேவை எமக்கு இராது.